அண்ணியோடு படித்த சனிக்கிழமைகள்

அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தது நான். அண்ணியின் பெயரை எழுதி, பிறந்த தேதியை எழுதி, எத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறார் என்பதை விரல்விட்டு எண்ணி எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொண்டு போய் வைத்ததும் நான்தான்.

"என்ன இது?" என்றார் அண்ணி.

"மாஸ்டர்ஸ் அண்ணி. பாடத்திட்டமும் கற்பித்தலும். வேலைல இருக்கற டீச்சருங்களுக்குன்னே நடத்தறாங்க. சனிக்கிழமை மட்டும்தான் கிளாஸ். ரெண்டே வருஷம். சேர்ந்தே போயிட்டு சேர்ந்தே வந்துடலாம்."

அவர் தாளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். நான் பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகப் படிக்கட்டில் மாரடைப்பு. அதன்பின் அண்ணியும் அவர் மகளும் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவுக்குக் குடி வந்தார்கள். வந்தார்கள் என்பதைவிட நான் கூட்டி வந்தேன் என்பதே சரி. வீடு பார்த்தது, சுவருக்கு நிறம் சொன்னது, பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தது எல்லாம் என் கைவேலை. "உன் அண்ணிக்கு மூச்சு விடவாவது கொஞ்சம் நேரம் குடு" என்பார் என் கணவர். ஓடி ஓடிச் செய்கிறவளைக் கிண்டல் செய்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

நான் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி வேறொரு பள்ளியில் நாலாம் வகுப்புக்கு மொழிப்பாடம். எனக்கு முப்பத்தெட்டு வயது, அவருக்கு நாற்பத்திரண்டு. பரீட்சை எழுதும் வயதைத் தாண்டிவிட்டோம் என்று இரண்டு பேருமே நினைத்திருந்த காலம்.

காலை எட்டுப் பத்துப் பேருந்து. ஒன்றேகால் மணி நேரப் பயணம். பின்னாலிருந்து மூன்றாவது இருக்கை எங்களுடையது என்று நாங்களே எழுதி வைத்துக்கொண்டோம். அண்ணி ஜன்னல் பக்கம். மடியில் ஆளுக்கொரு கட்டு நோட்டு. போகும்போது திருத்தி முடித்தால்தான் ஞாயிற்றுக்கிழமை நம்முடையது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் சிவப்பு மை எங்காவது ஒரு குழந்தையின் சரியான விடைமேல் கோடு இழுத்துவிடும். "பாவம், இவன் ரோட்டால மார்க் போன பையன்" என்று சொல்லி, அண்ணி பக்கத்திலேயே ஒரு 'சரி' போட்டுச் சின்னதாக மன்னிப்பும் எழுதுவார்.

கல்லூரியில் எங்கள் வகுப்பறை இரண்டாவது மாடியில். முன்பு நிலவியல் துறையின் சாமான் அறையாக இருந்ததாம். சுருட்டிய வரைபடங்கள் மூலையில் குடைகள் மாதிரி சாய்ந்து கிடந்தன. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்னும். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் எப்போதும் இரண்டு புறாக்கள். இருபத்திரண்டு பேர் படித்தோம். அத்தனை பேரும் ஆசிரியர்கள். ஆசிரியர்களைப் பெஞ்சில் உட்கார வைத்தால் பிள்ளைகளைவிட மோசம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். கடைசி பெஞ்சுக்கு முதல் வாரமே போட்டி. வருகைப் பதிவின்போது இல்லாதவனுக்காக 'உள்ளேன்' சொல்கிறவர்கள்கூட இருந்தார்கள்.

பேராசிரியர் ஒல்லியான அம்மா. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவார். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பார். இரண்டாவது வாரத்துக்குள் அவருக்கு 'ஏன் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டோம்.

முதல் வகுப்பில் அவர் என்னைத்தான் எழுப்பினார்.

"நேத்து உங்க கிளாஸ்ல என்ன நடந்தது?"

"ஒளிச்சேர்க்கை நடத்தி முடிச்சேன் மேடம்."

"அது நீங்க செஞ்சது. பிள்ளைங்க என்ன கத்துக்கிட்டாங்க?"

"ஒளிச்சேர்க்கைதான் மேடம்."

"எப்படித் தெரியும்?"

பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறவளிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. பக்கத்து வரிசையில் இருந்தவரிடம் மேடம் அதே கேள்வியைக் கேட்டார். அவர் ஒரு பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை, அதனால் 'விசில் சார்'.

"என் பீரியட்ல ஒண்ணும் நடக்கல மேடம். கணக்கு டீச்சர் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

வகுப்பே குலுங்கியது. ஏன் மேடமும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஏன் குடுத்தீங்க?" என்றார். விசில் சார் அதற்கு அரை மணி நேரம் பதில் சொன்னார். விளையாட்டு மைதானத்தில் ஒரு பிள்ளை என்னவெல்லாம் கற்றுக்கொள்கிறது என்று அவர் பேசப் பேச நாங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

பாடத்தைத் தலைகீழாகத் திட்டமிடுவது என்று ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்கள். கடைசியில் பிள்ளைக்கு என்ன செய்ய வர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வது. வந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்பது இரண்டாவது. பாடம் எப்படி நடத்துவது என்பது அதற்கு அப்புறம்தான். கேட்கும்போது சுலபமாக இருந்தது. எழுத உட்கார்ந்தால் முதுகு ஒடிந்தது. அண்ணி வீட்டு நடு அறையில் சார்ட் தாள்களை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு டம்ளரை வைத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் தவழ்ந்துகொண்டிருப்போம். அண்ணன் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வாசற்படியில் நின்று பார்ப்பாள்.

"நாங்க கடைசி நாள்ல ஹோம்வொர்க் செஞ்சா மட்டும் திட்டுவீங்க அத்தை."

"போய் அந்தப் பச்சை ஸ்கெட்ச்சை எடுத்துட்டு வா."

"ப்ளீஸ் சொல்லுங்க."

அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பை அதற்கு முன்பு மூன்று வருடமாக நான் கேட்கவில்லை. அதைப் பார்த்து, நான்தானே சேர்த்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கருத்துச் சொல்லக்கூடாது. பாராட்டக்கூடாது. நடந்ததை மட்டும் எழுத வேண்டும். எதைக் கவனிப்பது என்பதைப் பார்க்கிறவரே முடிவு செய்துகொள்ளலாம். அண்ணி விசில் சாரிடம் ஸ்டாப்வாட்ச் கடன் கேட்டபோது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு புதன்கிழமை என் வகுப்புக்கு வந்தார். கடைசி பெஞ்சில், தன் உயரத்துக்குப் பொருந்தாத இடத்தில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் அன்றைக்கு அட்டகாசமாகப் பாடம் நடத்தினேன் என்றுதான் நினைத்தேன். பலகை நிறையப் படம். நாற்பது நிமிடமும் ஒரு பிள்ளைகூடக் கண்ணயரவில்லை.

சனிக்கிழமை பேருந்தில் அந்தத் தாளைக் கொடுத்தார். பாராட்டு எழுதக்கூடாது என்று தெரிந்தும் ஒரு பாராட்டைத் தேடிக்கொண்டே படித்தேன்.

கேட்ட கேள்விகள் நாற்பத்தேழு. அவற்றில் முப்பத்தொன்றுக்கு ஆசிரியரே பதில் சொன்னார். பதினான்குக்கு முன் வரிசையில் அதே மூன்று பிள்ளைகள் சொன்னார்கள். இரண்டுக்கு யாரும் சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது. கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருந்த நேரம், சராசரியாக ஒரு நொடிக்கும் குறைவு. கீழே நாற்பத்தேழு கேள்விகளும் வரிசையாக, பக்கத்தில் நொடிக்கணக்கு, அண்ணியின் முத்து முத்தான கையெழுத்தில்.

"ஸ்டாப்வாட்ச் சரியா ஓடிச்சா?" என்றேன்.

"ஓடிச்சு."

"சிலபஸ் முடிக்கணும் அண்ணி. ஒவ்வொருத்தரும் யோசிச்சு சொல்ற வரைக்கும் நின்னா போன வருஷப் பாடத்தையே இந்த வருஷமும் நடத்திட்டு இருக்கணும்."

"நான் ஒண்ணுமே சொல்லலையே. நடந்ததை எழுதினேன்."

"நாலாம் வகுப்புல உட்கார வச்சு கதை சொல்றவங்களுக்கு இதெல்லாம் புரியாது."

சொன்ன வாயை அப்போதே மூடியிருக்கலாம். மூடவில்லை, இன்னும் நாலு வார்த்தை பேசினேன். அண்ணி மடியில் இருந்த நோட்டுக்கட்டைச் சரியாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வாரம் அவர் பேருந்தில் முன்னால், ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நான் எங்கள் இடத்தில் தனியாக. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

மூன்றாவது வாரம் ஏன் மேடம் என்னிடம் கேட்டார்.

"உங்க கிளாஸைப் பார்த்து எழுதின ரெக்கார்டைப் படிச்சேன். நீங்களே ஏன் பதில் சொல்லிடறீங்க?"

"அது வந்து மேடம், பிள்ளைங்க பயப்படுவாங்க, அதோட நேரமும்..."

"நான் கேட்டு முடிச்சு அரை நொடிகூட ஆகல" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. ஏதோ செடியில் புது இலை பார்த்தவர் மாதிரி ஆச்சரியமாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு தொட்டிச் செடியைக் கொண்டு போய் மேசைமேல் வைத்தேன். "விதை நகத்தளவு இருந்தது. இப்ப இந்தச் செடி ரெண்டு கிலோ. இந்த எடை எங்கேருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. முன் வரிசை மூன்று பேரும் "மண்ணு" என்றார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. நான்கு. ஐந்து. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். "நல்லாத்தான் இருக்கேன், உட்காரு" என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செடியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சுவரோரமாக ஒரு பெண் உட்காருவாள். ஒரு பின்னலில் சிவப்பு ரிப்பன், இன்னொன்றில் கையில் கிடைத்த எதுவோ. இரண்டு வருடமாக என் மாணவி. அவள் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் என்னால் சொல்லியிருக்க முடியாது. அவள் கையைத் தூக்கவில்லை. உட்கார்ந்தபடியே, செடியைப் பார்த்துப் பேசுகிற மாதிரிச் சொன்னாள்.

"மண்ணா இருக்காது டீச்சர். மண்ணைத் தின்னு வளர்ந்திருந்தா தொட்டியில பள்ளம் விழுந்திருக்கணும். எங்க வீட்டுத் தொட்டி அப்படியேதான் இருக்கு."

நான் பதினைந்து வருடம் நடத்திய பாடம் அது. காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும்தான் செடி தன் உடம்பைக் கட்டுகிறது என்று வருடா வருடம் பலகையில் எழுதியிருக்கிறேன். தொட்டியில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. "அப்ப வேற எங்கேருந்து வந்திருக்கும்?" என்று வகுப்பைக் கேட்டேன். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். அவர் காய்ந்த துணிகளைக் கட்டில்மேல் கொட்டி மடித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன்.

"பேசினது தப்பு அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க."

"அதை அன்னைக்கே விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் முன்னால போய் உட்கார்ந்தீங்க?"

அண்ணி ஒரு பாவாடையின் மடிப்பைக் கையால் நீவினார். "முன்னால உட்கார்ந்தா ரோடு நல்லாத் தெரியுது. எனக்கு முதல்லேருந்தே அந்த சீட்டுதான் பிடிக்கும்."

"சொல்லியிருக்கலாமே."

"எப்போ சொல்றது? நீ ஏறினதும் பின்னால போய் இடம் போட்டுடுவே." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை இன்னும் உலுக்கியது. "உங்க அண்ணன் போனப்போ வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க. இனிமே என்ன செய்யப் போறே, எங்க இருக்கப் போறேன்னு. ஒவ்வொரு தடவையும் நீதான் பதில் சொன்னே. 'அண்ணி எங்க பக்கத்துலயே இருப்பாங்க', 'அண்ணி வேலையை விட மாட்டாங்க'. அப்போ எனக்கு அது பெரிய உதவியாத்தான் இருந்துச்சு. என்னால பேச முடியல. அப்புறம் பேச முடிஞ்சப்போ, கேக்கறவங்க எல்லாம் நேரா உன்கிட்டயே கேக்கப் பழகிட்டாங்க. அந்த ஸ்டாப்வாட்சை உன் கிளாஸ்ல அமுக்கிட்டு உட்கார்ந்திருந்தப்போதான், அட, வீட்லயும் இவ இப்படித்தானேன்னு எனக்கே உறைச்சுது."

கையில் இருந்த துண்டை நான் நாலாக மடித்திருந்தேன். பிரித்து மறுபடி மடித்தேன்.

"இந்தப் படிப்பு? நான் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்களா?"

"தெரியல நாத்தனாரே. யோசிக்க நேரம் கிடைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

விளையாட்டாகக் கூப்பிடும்போதுதான் அவர் என்னை 'நாத்தனாரே' என்பார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப என்ன செய்யணும்னு இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை இறுக்கிக்கொண்டேன். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. உள்ளே குழாய் சொட்டியது. அண்ணி ஏழெட்டுத் துணிகளை மடித்து முடித்தார்.

"பாடப்புத்தகக் குழுவுக்கு ஆள் எடுக்கறாங்க. ஆரம்பப் பள்ளி டீச்சருங்களைத்தான் கேட்டிருக்காங்க. தலைநகர்ல போய் இருக்கணும். கிடைச்சா போகலாம்னு இருக்கேன்."

'அங்கே யாரைத் தெரியும், பெண்ணோட படிப்பு என்ன ஆறது, தனியா எப்படி' என்று என் நாக்கு நுனியில் அத்தனையும் வரிசையில் நின்றது. விழுங்கினேன். அது என் வாழ்க்கையிலேயே கஷ்டமான விழுங்கல்.

"எப்போலேருந்து யோசிக்கறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு வருஷமா" என்றார் அண்ணி.

மறு சனிக்கிழமை ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சாலை நன்றாகத்தான் தெரிந்தது. எனக்குப் பின் இருக்கைதான் பிடித்திருந்தது, சொல்லவில்லை.

அந்த வருடம் நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அதையேதான்: கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஆசிரியர் எவ்வளவு நேரம் நிற்கிறார், நின்றால் யார் பேசுகிறார்கள். எட்டு ஆசிரியர்களின் வகுப்புகளில் போய் உட்கார்ந்து அளந்தேன். எல்லோருமே என்னைப் போலத்தான் என்று தெரிந்ததில் ஒரு அற்ப சந்தோஷம். அண்ணி நாலாம் வகுப்புக் குழந்தைகள் தாங்களே எழுதும் கதைகளைப் பாடமாக வைப்பதைப் பற்றி எழுதினார். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அவரிடம் ஏதோ கேட்டபோது, பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு விடை தெரியும். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி நிதானமாக யோசித்து, நான் நினைத்ததைவிட வேறு மாதிரி, அதைவிட நன்றாகச் சொன்னார்.

விசில் சாரும் தேறினார். அவர் பள்ளியில் விளையாட்டுக்கு முழுப் பாடத்திட்டம் எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். "இனிமே கணக்கு டீச்சர் பீரியட் கேட்டா பாடத்திட்டத்தைக் காட்டுவேன்" என்று டீக்கடையில் எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த ஜூனில் அண்ணிக்கு அந்த வேலை கிடைத்தது. வீடு பார்க்க நானும் வரட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம், நானே பாத்துக்கறேன். குடி போற அன்னைக்கு வா" என்றார். போனேன். சுவரெல்லாம் மஞ்சள் அடித்திருந்தார். மஞ்சள் அவருக்குப் பிடிக்கும் என்று இருபது வருடமாக எனக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பியதும் என் கணவர் டீ போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு சனிக்கிழமைகள் எனக்கு ரொம்ப நாள் சரியாக வரவில்லை. காலையில் எழுந்து குளித்துவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் துணி துவைக்க உட்காருவேன். அண்ணி வீட்டில் வேறு யாரோ குடி வந்து, வாசலில் சைக்கிள் நிறுத்தினார்கள். அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போவேன். ஒரு மனுஷியை அவர் விருப்பத்துக்கு விட்டால் கையில் என்ன மிஞ்சும் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. அது மெள்ளத்தான் பழகியது.

இதெல்லாம் நடந்து பதினான்கு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் ஒரு பயிலரங்குக்காக அண்ணி வந்திருந்தார். முடி பாதி நரைத்திருக்கிறது, மை அடிப்பதில்லை. "காலேஜ் பக்கம் போயிட்டு வரலாமா?" என்று அவர்தான் கேட்டார். போனோம். ஏன் மேடம் ஓய்வு பெற்று மகனோடு போய்விட்டாராம். இரண்டாவது மாடி அறையில் கணினிகள் வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. கையைக் குவித்து உள்ளே பார்த்தோம். வரைபடங்கள் நின்ற மூலையில் ஒரு ஏசி இயந்திரம் இருந்தது.

டீக்கடை மட்டும் அங்கேயே இருந்தது. கடைக்காரருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணன் மகளைப் பற்றிப் பேசினோம். அவள் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள், ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம், வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். ஆனால் அண்ணிக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"நீ என்ன நினைக்கறே?" என்றார் அண்ணி.

"நீங்க முதல்ல சொல்லுங்க."

அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகச் சாலையைக் கடந்து போனார்கள். "நல்ல பையன்தான்னு நினைக்கறேன். அவளா வந்து சொல்ற வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கப் போறதில்ல" என்றார். பிறகு இன்னொரு டீ வேண்டும் என்று சொன்னார். எனக்கும் வேண்டும் போலிருந்தது. அடுத்த பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.